குடல் ஆபரேஷனா? புண்ணு சீழ் பிடிக்காம இருக்க ஆன்டிபயாட்டிக் எப்ப, எவ்ளோ, எது வரைக்கும்

நம்ம கோயமுத்தூரு, ஈரோடு, திருப்பூரு பக்கம் ஆஸ்பத்திரி நல்லதா கெட்டதான்னு சொல்ற விதமே தனிங்க. "அங்க நல்லா பாக்கறாங்க, ஒரு நாளைக்கு ஆறு ஊசி போட்டாங்க"ம்பாங்க. ஊசி கொறைஞ்சா கவனிப்பு கொறைஞ்சுதுன்னு அர்த்தம். நான் சர்ஜரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸுங்க, குடல் ஆபரேஷன் பண்ணவங்கள ஆபரேஷனுக்கு அனுப்பறதும் திரும்பி வாங்கறதும்தான் என் பொழப்பு. அந்த அனுபவத்துல ஒண்ணு சொல்றேன், வித்தியாசமா இருக்கும் கேளுங்க. குடல் ஆபரேஷன்ல புண்ணு சீழ் பிடிக்காம காப்பாத்தற ஊசி கத்தி வெக்கறதுக்கு முன்னாடி போடறதுதான், வார்டுக்கு வந்தப்பறம் அஞ்சு நாள் வரிசையா போடற ஊசியால அதுல பாதி வேலை கூட ஆகாது. இத வீட்டுக்காரங்க புரிஞ்சுக்கிட்டா பாதி பிரச்சனை தீந்துரும், அதுக்குத்தான் இது. மருந்தோட டோஸ் எல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான் முடிவு, இங்க நான் எழுதறது என்ன கேக்கணும், என்ன பாக்கணும், எத பண்ணவே கூடாதுங்கறதுக்கு.

மொதல்ல, குடலுக்கு மட்டும் ஏன் இவ்ளோ அலட்டல்னு தெரிஞ்சுக்கோங்க. தைராய்டு ஆபரேஷன், குடலிறக்கம் இதெல்லாம் சுத்தமான எடத்துல கைய வெக்கறது. பெருங்குடல் அப்படி இல்ல, ஒரு கிராம் மலத்துல பத்தாயிரம் கோடி அளவுக்கு பாக்டீரியா இருக்கும், அந்த குழாயத்தான் வெட்டி எடுத்து ரெண்டு முனையையும் சேத்து தைக்கறாங்க. டாக்டர் எவ்ளோ சுத்தமா பண்ணாலும் கொஞ்சமாவது வெளிய வந்துதான் தீரும். அதுல ரெண்டு ஜாதி இருக்கு, காத்து இருந்தாலும் இல்லாட்டியும் வளர்ற ஈ.கோலை மாதிரி ஒண்ணு, காத்தே ஆகாத பாக்டீராய்டிஸ் மாதிரி இன்னொண்ணு. எண்ணிக்கைல ரெண்டாவதுதான் எச்சா. ஒரே மருந்து ரெண்டையும் அடிக்கறது கம்மி, அதனாலதான் குடல் ஆபரேஷனுக்கு பெரும்பாலும் ரெண்டு மருந்து சேத்து போடறாங்க. "எதுக்குங் ரெண்டு, காசு புடுங்கறாங்களா"ன்னு சில பேரு கேப்பாங்க, இல்லீங், ரெண்டும் வேணும்.

எவ்ளோ வித்தியாசம்னு கேட்டீங்கன்னா, மருத்துவ ஆராய்ச்சிகள சேத்து அலசி பாக்கற காக்ரேன் அமைப்பு 2014ல உலகம் பூரா நடந்த 260 ஆராய்ச்சிய சேத்து பாத்தப்ப, ஆன்டிபயாட்டிக் இல்லாம குடல் ஆபரேஷன் பண்ணவங்கள்ல நூத்துக்கு 39 பேருக்கு புண்ணு சீழ் பிடிச்சிருந்துது, குடுத்தவங்கள்ல நூத்துக்கு 13 பேருக்கு. பூஜ்யம் ஆகறதில்ல கவனிச்சீங்களா. அதனால எல்லாம் சரியா பண்ணியும் சில பேருக்கு வரும், வந்தா டாக்டர் தப்பு பண்ணிட்டாருன்னு உடனே சண்டைக்கு போக வேண்டாம், ஆனா கேக்க வேண்டியத கேட்டுருக்கணும்.

இப்ப நேரத்துக்கு வர்றேன், இதுதான் முக்கியம்.

1961ல பர்க்னு ஒரு சர்ஜன் கினி பன்னிக்கு தோலுல கிருமிய ஏத்தி சோதிச்சு பாத்தாரு. கிருமி ஏத்தறதுக்கு முன்னாடி மருந்து போட்டா புண்ணே பெருசா வரல, மூணு மணி நேரம் கழிச்சு போட்டா மருந்து போட்டதும் ஒண்ணுதான் போடாததும் ஒண்ணுதான். அப்பறம் 1992ல அமெரிக்காவுல கிளாசன் குழு 2847 பேர பாத்தாங்க. வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டவங்கள்ல 0.6 சதவீதம் பேருக்குத்தான் இன்ஃபெக்ஷன், அதுக்கும் ரொம்ப முன்னாடியே போட்டவங்களுக்கு 3.8, ஆபரேஷன் ஆரம்பிச்சு மூணு மணி நேரம் தாண்டி போட்டவங்களுக்கு 3.3. அது எல்லா வகை ஆபரேஷனையும் சேத்து பாத்த கணக்கு, குடலுக்கு நம்பர் எச்சாத்தான் இருக்கும், ஆனா தத்துவம் ஒண்ணு. முன்கூட்டியே போட்டாலும் வீண், பின்னாடி போட்டாலும் வீண். உலக சுகாதார நிறுவனம் 2016ல வெட்டறதுக்கு முந்தின 120 நிமிஷத்துக்குள்ளன்னு சொல்லிருக்கு, நடைமுறைல பெரும்பாலான எடத்துல 60 நிமிஷத்துக்குள்ளன்னு வெச்சுருக்காங்க. மஞ்சள் நடறப்ப வெத மஞ்சள மருந்து கரைசல்ல முக்கி எடுத்துதான நடுவோம், நட்டு கெழங்கு அழுக ஆரம்பிச்சப்பறம் வாய்க்கால்ல மருந்து கலந்து விட்டா என்ன ஆகும், அதே கதைதான் இது.

கேக்கறதுக்கு லேசா இருக்கு, ஆனா வார்டுல எப்படி கோட்டை விடறாங்கன்னு சொல்றேன் பாருங்க. காலைல ஏழு மணி, தியேட்டர் லிஸ்ட்ல உங்கப்பா மொத கேஸ், எட்டரைக்கு கூப்புடுவாங்கன்னு சொல்லிருக்காங்க. நைட் டியூட்டி சிஸ்டர் ஹேண்ட்ஓவர் குடுக்கற அவசரத்துல ஏழேகாலுக்கே ஊசிய போட்டு, கேஸ் ஷீட்ல டிக் பண்ணிருவாங்க. எட்டு மணிக்கு அவினாசி ரோட்டுல ஆக்சிடெண்ட், வயித்துல அடிபட்ட பையன் ஒருத்தன் வந்துருவான், தியேட்டர் அவனுக்கு போயிரும். உங்கப்பாவ உள்ள தள்றப்ப மணி பதினொண்ணு, மயக்கம் குடுத்து, துடைச்சு, துணி போத்தி கத்தி வெக்கறப்ப பதினொண்ணரை. ஏழேகாலுக்கு போட்ட மருந்து அதுக்குள்ள பாதிக்கு மேல ஒண்ணுக்குல போயிருக்கும். ஷீட்ல என்னமோ டிக் இருக்கு, எல்லாரும் போட்டாச்சுன்னு நெனச்சுக்குவாங்க. யாரும் கெட்டவங்க இல்ல, ஆனா வேலை நடக்கல. அதனாலதான் நல்ல டீம்ல மயக்க டாக்டர் கைல தியேட்டருக்குள்ளயே போட வெக்கறாங்க, வெட்டறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நிமிஷம் நின்னு பேர் என்ன, ஆபரேஷன் என்ன, ஆன்டிபயாட்டிக் குடுத்தாச்சான்னு சத்தமா கேக்கற செக்லிஸ்ட் இருக்கு பாருங்க, உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டு வந்தது, அதுலயே இந்த கேள்வி உண்டு, முந்தின 60 நிமிஷத்துக்குள்ள குடுத்தாச்சான்னே இருக்கும்.

நீங்க பண்ண வேண்டியது ஒரு கேள்விதான். மொத நாள் பொழுதோட ரவுண்ட்ஸ் வர்றப்பவோ, காலைல வார்டுலயோ, மரியாதையா கேளுங்க. "ஏனுங் சிஸ்டர், ஆபரேஷனுக்கு முன்னாடி போடற ஆன்டிபயாட்டிக் இங்கயே போட்டு விடறீங்ளா, தியேட்டர்ல போடறாங்ளா? கேஸ் தள்ளிப்போச்சுன்னா திருப்பி போடுவாங்ளா?" இப்படி கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். "எங்க மாமா பையன் அமெரிக்காவுல டாக்டர், அவன் சொன்னான்"னு ஆரம்பிச்சீங்கன்னாத்தான் கடுப்பாகும், அத விட்டுருங்க. டெஸ்ட் டோஸ்னு கைல கொப்புளம் மாதிரி கொஞ்சூண்டு போடறது வேற, அது அலர்ஜி பாக்கறது, அத மெயின் ஊசின்னு நெனச்சுக்காதீங்க.

மருந்து என்னென்னன்னா, பொதுவா செஃபசோலினும் மெட்ரோனிடசோலும். செஃபசோலின் ரெண்டு கிராம், 120 கிலோவும் அதுக்கு மேலயும் இருக்கறவங்களுக்கு மூணு கிராம். சில எடத்துல செஃபுராக்சிம், செஃப்ட்ரையாக்சோன், இல்ல அமாக்சிசிலின் கிளாவுலனேட்னு அவங்கவங்க ஆஸ்பத்திரில எது வேலை செய்யுதோ அது. மெட்ரோனிடசோல நாங்க சுருக்கமா மெட்ரோம்போம், நூறு மில்லி பாட்டில்ல 500 மில்லிகிராம், ட்ரிப்ஸ்ல தொங்கும் பாருங்க. இது ஒரே குத்துல போடறதில்ல, மெதுவா எறங்கணும், அதனால வெட்டறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி மாட்டி விட்டா பிரயோஜனம் இல்ல. எடை முக்கியங்கறதால அட்மிஷன்ல எடை பாக்கறப்ப "போன வருஷம் எழுவத்தஞ்சு இருந்தேன்"னு வாய்ல சொல்லாம மெஷின்ல ஏறி நில்லுங்க.

ஆபரேஷன் நீண்டுட்டே போனா என்ன ஆகும்? செஃபசோலின் நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி போடணும், ஒன்னரை லிட்டருக்கு மேல ரத்தம் போனாலும் திருப்பி போடணும். மெட்ரோ ரொம்ப நேரம் ரத்தத்துல நிக்கற மருந்து, சாதாரண நீளத்துக்கு ரெண்டாவது தேவைப்படாது. மலக்குடல் கேன்சர் ஆபரேஷன் மாதிரி அஞ்சாறு மணி நேரம் போறதுக்கெல்லாம் இது பொருந்தும், வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கற நீங்க இத பாக்க முடியாது, ஆனா முன்னாடியே டாக்டர்கிட்ட பேசறப்ப கேட்டு வெச்சுக்கலாம்.

அலர்ஜி பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். "எனக்கு பென்சிலின் ஆகாதுங்க"ன்னு நெறையா பேரு சொல்றாங்க, என்ன ஆச்சுன்னு கேட்டா "வாந்தி வந்துது", "தலை சுத்துச்சு", "எங்கம்மா சொன்னாங்க". வாந்தி அலர்ஜி இல்லீங். ஒடம்பு பூரா தடிப்பு வந்துதா, மூச்சு எளைச்சுதா, மொகம் ஒதடு வீங்குச்சா, ஆஸ்பத்திரில சேத்தாங்களா, எத்தன வருஷம் ஆச்சு, எந்த மருந்து, இத ஒரு பேப்பர்ல எழுதி கேஸ் ஷீட்டோட குத்தி வெக்க சொல்லுங்க. அலர்ஜின்னு ஒரு வார்த்தை எழுதிட்டா நல்ல மருந்த விட்டுட்டு ஜென்டாமைசின், கிளிண்டாமைசின்னு மாத்தி போடுவாங்க, ஜென்டாமைசின் கிட்னி வீக்கா இருக்கறவங்களுக்கு தொந்தரவு. நெசமாவே மூச்சு எளைச்சவங்க மறைச்சாலும் ஆபத்து, சும்மா வாந்தி வந்தவங்க அலர்ஜின்னு சொன்னாலும் நட்டம்.

மொத நாள் கதைக்கு வருவோம். வயித்த கழுவற பவுடர் குடுப்பாங்க, பெக்லெக் மாதிரி, ஒரு பாக்கெட்ட ரெண்டு லிட்டர் தண்ணில கரைச்சு குடிக்கறது. இதோட சேத்து ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் குடுக்கற வழக்கம் உண்டு, 1973ல நிக்கல்ஸ், காண்டன் ரெண்டு பேரும் சொன்ன முறை, நியோமைசின் ஒரு கிராம் எரித்ரோமைசின் ஒரு கிராம், காலைல எட்டு மணி ஆபரேஷனுக்கு மொத நாள் மத்தியானம் ஒண்ணு, ரெண்டு, ராத்திரி பதினொண்ணு மணிக்கு. இப்ப எரித்ரோமைசினுக்கு பதிலா மெட்ரோனிடசோல் மாத்திரை குடுக்கறவங்களும் இருக்காங்க. உலக சுகாதார நிறுவனம் 2016ல என்ன சொல்லுச்சுன்னா, வெறும் பேதி மருந்து மட்டும் குடுத்து வயித்த கழுவறது புண்ணு சீழ் பிடிக்கறத கொறைக்காது, குடுத்தா மாத்திரையோட சேத்து குடுங்கன்னு. ஆனா ஃபின்லாந்துல 2019ல வந்த ஆராய்ச்சில ரெண்டையும் சேத்து குடுத்தவங்களுக்கும் எதுவுமே குடுக்காதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல. அதனால ஒரு டாக்டர் குடுப்பாரு ஒருத்தர் குடுக்க மாட்டாரு, "பக்கத்து பெட்டுக்கு குடுத்தாங்க எங்களுக்கு குடுக்கல"ன்னு அதுக்கு சண்டை வேண்டாம். நான் பாத்த வரைக்கும் பேதி மருந்து குடுத்துட்டு மாத்திரைய மறந்துருவாங்க, அங்க மட்டும் "மாத்திரை எதாவது இருக்குங்களா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

குடிக்கறது எப்படின்னா, பிரிட்ஜுல வெச்சு சில்லுனு எடுத்து கால் லிட்டர் டம்ளர்ல பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு குடிங்க. மொடக்கு மொடக்குனு ஒரே மூச்சுல குடிச்சா வாந்திதான் வரும். எலுமிச்சம்பழத்த மோந்துட்டு குடிச்சா வாடை தெரியாது. அன்னிக்கு அரிசிம்பருப்பு சோறு, சந்தகை, கீரை, பழம் எதுவும் கூடாது, வடிகட்டின ரசத்தண்ணி, சர்க்கரை தண்ணி, எளநி தண்ணி (வழுக்கை கூடாது) இதெல்லாம் ஆகும். கிட்னி பிரச்சனை இருக்கறவங்க எளநிய தொடாதீங்க, பொட்டாசியம் ஏறிரும், பொள்ளாச்சி எளநியா இருந்தாலும் சரி. தெளிவான தண்ணி ஆகாரம் மயக்கம் குடுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம்னுதான் இப்பத்த வழிமுறை, கெட்டி ஆகாரம் ஆறு மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும், உங்க மயக்க டாக்டர் வேற நேரம் சொன்னா அவர் சொல்றதுதான். மாத்திரை போட்டு கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்துட்டா மறைக்காதீங்க, சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. வயிறு உப்பி மலமே போகாம அடைச்சுக்கிட்டு வந்தவங்களுக்கு இந்த பேதி மருந்து குடுக்கவே கூடாது, அவங்க கணக்கே வேற.

மெட்ரோனிடசோல் மாத்திரை போடறப்பவும், நிறுத்தி மூணு நாள் வரைக்கும் சரக்கு தொட வேண்டாம். நம்மாளுங்க ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி "பயமா இருக்குது மாப்ள"ன்னு டாஸ்மாக் போயிட்டு வர்றதுண்டு, வார்டுல வாடை வந்தா எனக்கு தெரிஞ்சுரும். அதே மாதிரி வாய்ல தகரத்த நக்குன மாதிரி இருக்குதுன்னு பயப்பட வேண்டாம், அது மெட்ரோவோட குணம்.

ஆன்டிபயாட்டிக் தனியா எல்லாத்தையும் காப்பாத்தாதுங்க, சுத்தி இருக்கறது சரியா இருந்தாத்தான் அது வேலை செய்யும். நாலு வாரம் முன்னாடியே பீடி சிகரெட் நிறுத்தணும், புகை புடிக்கறவங்க புண்ணு ஆற ரத்த ஓட்டம் பத்தாது. ஹான்ஸ் போடறவங்க "நான் புகை புடிக்கறதில்லீங்"ன்னு தப்பிக்க பாக்கறாங்க, அதையும் நிறுத்துங்க. சுகர், ஆபரேஷன் சமயத்துல 200க்கு கீழ இருக்கணும், நோம்பிக்கு சாப்ட்ட ஒப்பிட்டு, கச்சாயம் எல்லாம் அதுல தெரிஞ்சுரும். எளைச்சு போய் இருக்கறவங்க ரெண்டு வாரமாவது நல்லா சத்தா சாப்புடணும், நாமக்கல்லு முட்டை நம்ம பக்கம் கொறைச்சலா என்ன, தினம் ரெண்டு முட்டை, பருப்பு, தயிருன்னு டாக்டர கேட்டுட்டு சாப்புடுங்க.

வீட்டுல ஷேவ் பண்ணிட்டு வராதீங்க. இத பெருசா எழுதணும்னு ஆசை. "டாக்டருக்கு வேலை மிச்சம்"னு மொத நாளே பிளேடு போட்டு வயித்த வழிச்சுட்டு வர்றாங்க, கண்ணுக்கு தெரியாத கீறல் நூறு இருக்கும், ராத்திரி பூரா அதுல கிருமி குடும்பம் நடத்தும். முடி எடுக்கணும்னா ஆஸ்பத்திரில கிளிப்பர் மெஷின்ல எடுப்பாங்க, இல்லாட்டி எடுக்காமயே விடுவாங்க. மொத நாள் ராத்திரியும் காலைலயும் சோப்பு போட்டு தலையோட தண்ணி வாத்துக்கோங்க, தொப்புள நல்லா கழுவுங்க, சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டு பண்ற லேப்ராஸ்கோப்பின்னா அந்த எடத்துலதான் ஓட்டை போடுவாங்க. சூடு தணியட்டும்னு தொப்புள்ல வெளக்கெண்ணெ வெக்கற பழக்கத்த அன்னிக்கு விட்டுருங்க. தியேட்டர்ல ஒடம்பு சில்லுனு ஆயிட்டா புண்ணு பாதிக்கும், 36 டிகிரிக்கு கீழ போகாம பாத்துக்குவாங்க, வார்டுலருந்து ஸ்ட்ரெச்சர்ல போறப்பவே குளுருதுன்னா சொல்லுங்க, போர்வை போத்தி விடுவோம்.

உள்ள நடக்கறது உங்க கைல இல்ல, ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், எனக்கு புடிச்ச ஆராய்ச்சி. வயித்த மூடறதுக்கு முன்னாடி டாக்டரும் சிஸ்டரும் கையுறைய மாத்தி, புது இன்ஸ்ட்ரூமென்ட் எடுத்து தைச்சா என்ன ஆகும்னு நம்ம இந்தியா உள்பட ஏழு நாட்டுல 13,301 பேர வெச்சு பாத்தாங்க, 2022ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துது. மாத்தாம தைச்சவங்கள்ல 18.9 சதவீதம் பேருக்கு புண்ணு சீழ் பிடிச்சுது, மாத்தி தைச்சவங்கள்ல 16. பெரிய மருந்து இல்ல, பெரிய மெஷின் இல்ல, ஒரு ஜோடி கையுறை. அந்த டப்பா தீந்துபோச்சுன்னு ஸ்டோர்ல சண்டை போடறது எதுக்குன்னு இப்ப தெரியுதா.

ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்கு வந்தாச்சு. இங்கதான் உங்களுக்கும் எனக்கும் சண்டையே.

"ஏனுங் சிஸ்டர், காலைலருந்து ஒரு ஊசியும் போடலீங்ளே, பக்கத்து பெட்டுக்கு மூணு வேளையும் போடறீங்க, எங்கம்மாவ கவனிக்கறதே இல்லீங்ளா?" வாராவாரம் கேக்கற கேள்வி. பதில் இதுதான். தடுக்கறதுக்காக போட்ட ஆன்டிபயாட்டிக், தைச்சு முடிச்ச ஒடனே அதோட வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல நீட்டாதீங்கன்னே உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எவ்ளோ தாராளமா பாத்தாலும் 24 மணி நேரம். வயித்துல டியூப் இருக்கு, யூரின் பை இருக்கு, அதனால தொடர்ந்து போடணும்ங்கறதும் சரி இல்ல.

பக்கத்து பெட்டுக்கு ஏன் போடறாங்கன்னா, அவங்களுக்கு குடல் ஓட்டையாகி வயித்துக்குள்ள சீழோட வந்தாங்க. அது தடுப்பு இல்ல, வைத்தியம். அதுக்கு கூட, உள்ள இருக்கற சீழ நல்லா கழுவி எடுத்தாச்சுன்னா நாலு நாள் போதும்னு 2015ல ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டுச்சு. அதனால டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்ப நீங்க கேக்க வேண்டிய கேள்வி, "ஏன் ஊசி போடல" இல்லீங். ஊசி தொடர்ந்து போட்டாங்கன்னா, "டாக்டருங்க, இது வராம தடுக்கறதுக்கா, இல்ல உள்ள எதாச்சும் இருக்குதுன்னு குணப்படுத்தறதுக்கா, எத்தன நாளைக்குங்?" இவ்ளோதான். காரணம் இருந்தா சொல்லுவாரு, இல்லாட்டி யோசிச்சு நிறுத்துவாரு, ரெண்டுமே உங்களுக்கு நல்லது.

எச்சா போட்டா என்ன கொறஞ்சா போயிருவோம்னு கேப்பீங்க. பேதி புடுங்கும், அதுலயும் சி.டிஃபிசில்னு ஒரு கிருமி, ஆன்டிபயாட்டிக் நல்ல கிருமி எல்லாத்தையும் அழிச்சப்பறம் தனியா ஆட்டம் போடும், வயசானவங்கள படுக்க வெச்சுரும். குடல தைச்சு நாலே நாள் ஆனவங்களுக்கு அந்த பேதி எவ்ளோ கொடுமைன்னு யோசிங்க. அடுத்தது, மருந்துக்கு அடங்காத கிருமி. நம்ம நாட்டுல குடல்ல இருக்கற ஈ.கோலை, செஃபசோலின், செஃப்ட்ரையாக்சோன் மாதிரி செஃபலோஸ்போரின் வகை மருந்த உடைச்சு போடற சாமர்த்தியம் ஏற்கனவே நெறையா கத்து வெச்சுருக்கு. அதனாலதான் 2014 மார்ச்லருந்து இந்த வகை பெரிய ஆன்டிபயாட்டிக்க சீட்டு இல்லாம குடுக்கக்கூடாது, சீட்டு பாத்து குடுத்தாலும் ரெஜிஸ்டர்ல எழுதணும்னு அட்டவணை ஹெச்1னு கொண்டு வந்தாங்க. தேவையில்லாம அஞ்சு நாள் போட்டா, நெசமாவே சீழ் பிடிச்சு தேவைப்படற அன்னிக்கு அதே மருந்து கை குடுக்காது. பில்லு ஏறுது பாருங்க அது தனி.

ஒறம்பரை விஷயம் சொல்லாம விட முடியாது. காங்கயத்துலருந்து ஒரு வண்டி, தாராபுரத்துலருந்து ஒரு வண்டி, பத்து பேரு ஆப்பிள், ஹார்லிக்ஸ், சாத்துக்குடியோட வந்து பெட்டு மேலயே உக்காந்து "எங்க, தையலக் காட்டு பாக்கலாம்"னு துணிய வெலக்கி பாக்கறாங்க. பாசம்தான், யாரு இல்லீன்னா. ஆனா ஒரு சமயத்துல ரெண்டு பேரு போதும், வர்றப்பவும் போறப்பவும் கைய கழுவணும், பெட்டு மேல உக்காரக்கூடாது, புண்ண திறந்து காட்டவே கூடாது. இத நாங்க சொன்னா கெட்ட பேரு, வீட்டுல ஒரு பெரிய ஆளு வாசல்லயே நின்னு சொல்லிட்டா நோவாம முடிஞ்சுரும். கொலாஸ்டமி பை (வயித்துல வழி போட்டு மலம் வர்றதுக்கு ஒட்டற பை) வெச்சிருக்கறவங்க, பைய மாத்துன கையோட தையல தொடாதீங்க, மொதல்ல தையல் டிரெஸ்ஸிங், அப்பறம் கை கழுவிட்டு பை, அந்த வரிசை மாறக்கூடாது. பை கசிஞ்சு தையல் பக்கம் வந்துட்டா காலைல பாத்துக்கலாம்னு விடாம அப்பவே சொல்லுங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும்.

வீட்டுக்கு போனப்பறம்தான் நெறையா பேருக்கு சீழ் பிடிக்கறதே. அஞ்சாவது நாள்லருந்து பத்தாவது நாள் வரைக்கும் உஷாரா இருங்க, முப்பது நாள் வரைக்கும் கணக்கு உண்டு. தையல் ஓரத்துல லேசா செவப்பு, கொஞ்சம் அரிப்பு, தண்ணி மாதிரி ரெண்டு சொட்டு, இது சகஜம். செவப்பு நாளுக்கு நாள் பரவுது, தொட்டா சுடுது, கொறைய வேண்டிய வலி ஏறுது, மஞ்சளா கெட்டியா வருது, நாத்தம் அடிக்குது, 100.4க்கு மேல காய்ச்சல்னா அது சகஜம் இல்ல. தெனமும் ஒரே நேரத்துல, ஒரே வெளிச்சத்துல, பகல்ல போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, நேத்திக்கும் இன்னிக்கும் வித்தியாசம் அதுல தெரியும், டாக்டருக்கு காட்டவும் சௌகரியம்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெடிக்கல்ல "ஆபரேஷன் புண்ணுங்க, நாலு மாத்திரை குடுங்க"ன்னு வாங்கி போடாதீங்க. தோலுக்கு அடியில சீழ் கட்டிருச்சுன்னா அதுக்கு மருந்து மாத்திரை இல்ல, ரெண்டு தையல பிரிச்சு சீழ வெளிய விட்டு கழுவறதுதான், பல பேருக்கு அது மட்டுமே போதும், ஆன்டிபயாட்டிக்கே தேவைப்படாது. மாத்திரை போட்டா காய்ச்சல் ரெண்டு நாள் அடங்கும், சீழ் உள்ள எறங்கும், வர்றப்ப பெரிய வேலையாயிரும். மஞ்சத்தூள், காப்பித்தூள், தேங்காண்ணெ, அதுக்கு மேல பவுடர்னு அப்பறதும் வேண்டாம், டிஸ்சார்ஜ்ல சொன்ன மாதிரி சோப்புத்தண்ணில மெதுவா கழுவி ஒத்தி எடுத்தா போதும். கம்பளி நூலு, தாயத்து, அர்ணாக்கயிறு தையல உரசாம பாத்துக்கோங்க, கட்ட வேண்டாம்னு சொல்லல, எடத்த மாத்தி கட்டுங்க.

தையல் பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வயிறு உப்பிட்டே போகுது, வலி தாங்கல, நாடி பட படன்னு அடிக்குது, விக்கல் நிக்கல, ஆளு சோர்ந்து ஏதோ மாதிரி இருக்காருன்னா அது தோலு சமாச்சாரம் இல்ல, உள்ள சேத்து தைச்ச எடம் கசியுதோன்னு சந்தேகப்படணும். அதுக்கு விடியட்டும்னு காத்திருக்கக்கூடாது. ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணுங்க, என்ன ஆபரேஷன், எத்தனாவது நாள், காய்ச்சல் எவ்ளோ, காத்து பிரியுதா, கடைசியா என்ன மருந்து போட்டீங்க, இந்த அஞ்சும் டக்குனு சொன்னீங்கன்னா டியூட்டி டாக்டர் நீங்க வந்து சேர்றதுக்குள்ள ஏற்பாடு பண்ணிருவாரு. தூரமா இருந்தா 108ல பக்கத்து ஜிஹெச் போய் காட்டிட்டு வாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி பைலோட வாங்க. வர்ற வழில டீ, பன்னு, தண்ணி எதுவும் வாய்க்கு குடுக்காதீங்க, திரும்ப தியேட்டருக்கு எடுக்க வேண்டி வந்தா வயிறு காலியா இருக்கணும்.